மனச்சோர்வின் சுழலை எங்கே அறுக்கலாம்?

1952ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், சிலர் வார்டிலேயே ஆடவும் செய்தார்கள். மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியை அந்த மருந்து முடக்குகிறது என்பது ஆய்வில் தெரியவந்தது. இந்த வேதிப்பொருள்கள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற விளக்கம் அங்கிருந்து வளர்ந்தது. இன்றும் பலர் சொல்வது அதைத்தான்.

அந்த விளக்கம் ஓரிடத்தில் இடறுகிறது. செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. இதை வைத்து மாத்திரையே வீண் என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. கடுமையான மனச்சோர்வில் மருந்து பலரை மீட்டிருக்கிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். மருந்து எப்படி உதவுகிறது என்பது ஒரு கேள்வி, நோய் எதனால் வந்தது என்பது வேறொரு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மரபின் கணக்கில் வைக்கின்றன. அதுவும் ஒரே மரபணு அன்று, சிறிய பங்குள்ள பல மரபணுக்கள். அடுத்தது நெருக்கடி. அச்சமோ இழப்போ நேரும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் சுரப்பை அடக்கச் சொல்லும் மூளைப் பகுதிகளில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. மனச்சோர்வு உள்ளவர்கள் பலரிடம் இந்த அடக்கும் ஏற்பாடு தளர்ந்திருக்கிறது. மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதும் ஸ்கேனில் தெரிகிறது.

உடலின் அழற்சியும் மனத்தைச் சாய்க்கும். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பு, உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டி அழற்சியைக் கூட்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதுவரை எந்த மனக்குறையும் இல்லாதவர்களில் கூடக் கணிசமானோர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். மனத்தைரியம் இல்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்று பேசுவோர் இந்த ஒரு செய்தியையாவது தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், மதுப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். அதனால் ரத்தப் பரிசோதனை முதலிலேயே செய்யப்பட வேண்டிய ஒன்று.

எப்படித் தொடங்கினாலும், தொடங்கிய பிறகு மனச்சோர்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பழைய தவறு ஒன்று மனத்தில் ஓடுகிறது. முடிவுக்கு வராமல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. காலையில் பல் துலக்குவதே மலைப்பாக இருக்கிறது. நண்பர் அழைக்கிறார், பேசத் தெம்பில்லை, போன் அடித்து ஓய்கிறது. அந்த நிமிடம் ஒரு நிம்மதி. அடுத்த முறை எடுப்பது இன்னும் கடினம். சில வாரங்களில் நண்பர் அழைப்பதை நிறுத்திவிடுகிறார், ‘என்னை யாருக்கும் வேண்டாம்’ என்ற எண்ணத்துக்கு ஒரு சான்று கிடைத்துவிடுகிறது. வெளியே போகாததால் மகிழ்ச்சி தரும் எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காததால் வெளியே போகத் தோன்றுவதில்லை.

தடுப்பு என்பது இந்தச் சுழலில் நம் கைக்கு எட்டும் கண்ணியைப் பிடிப்பதுதான். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது செயலூக்கச் சிகிச்சை. விருப்பம் வரும்வரை காத்திருக்காமல், குறித்த நேரத்தில் குறித்த சிறு வேலையைச் செய்வது அதன் அடிப்படை. மாலை ஐந்தரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான். செயல் முன்னே போகும், விருப்பம் பின்னால் வரும். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களுக்கு இணையாக, அதன் ஒரு பகுதியான இந்தச் செயலூக்கத்தை மட்டும் பெற்றவர்களும் தேறியிருந்தார்கள்.

அடுத்த கண்ணி தூக்கம். நீடித்த தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவதும், தூக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருவதும் எளிய பயிற்சிகள். உடற்பயிற்சியும் உதவுகிறது.

மூன்றாவது கண்ணி மனிதர்கள். 1970களில் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் ஆய்வு நடத்தினார்கள். பெரும் இழப்பைச் சந்தித்தவர்களில், மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருந்தவர்கள் மனச்சோர்வில் விழுவது வெகுவாகக் குறைந்திருந்தது. பத்துப் பேர் வேண்டியதில்லை, ஒருவர் போதும்.

இத்தனையும் செய்தும் வரலாம். அப்படி வந்தால் அது யாருடைய குற்றமும் அல்ல. ஆர்வமின்மையோ சோகமோ இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் முறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வாய்ப்பு கூடுகிறது. அதனால் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். போனை எடுக்காமல் விடுவது, துணி துவைக்காமல் குவிவது என்று தனக்கே உரிய முன்னறிகுறிகளை எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது மிக நல்லது.

‘செத்துவிடலாம் போலிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அல்லது அப்படி நினைக்கிறார் என்ற ஐயம் எழுந்தால், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.