சொல் விளக்கம்: ஆழ்மூளைத் தூண்டல்

"மூளைக்குக் கரண்ட் வைக்கப் போகினமாம்." கொழும்பில் மனநல கிளினிக் வாசலில் இப்படி ஒருவர் சொன்னால், அவர் முற்றிலும் வேறான மூன்று சிகிச்சைகளில் எதைச் சொல்கிறார் என்று தெரியாது. மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, சில வினாடி மின்னோட்டத்தால் சிறு வலிப்பை உண்டாக்குவது மின்வலிப்புச் சிகிச்சை. கடும் மனச்சோர்வுக்கு அது நல்ல பலன் தரும். ஆனால் ஓசிடிக்கென்று, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்க்கென்று, அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. மற்ற இரண்டும்தான் 'தூண்டல்' என்ற பெயருக்கு உரியவை. தலைக்கு வெளியே சுருள் வைத்துச் செய்வது காந்தத் தூண்டல். மண்டையைத் துளைத்து உள்ளே மின்வாய் வைத்துச் செய்வது ஆழ்மூளைத் தூண்டல். மூன்றையும் 'கரண்ட்' என்ற ஒரே சொல்லில் அடக்குவதால், பயப்படத் தேவையில்லாத சிகிச்சைக்கும் சனம் பயப்படுகிறது.

நோயின் பெயரிலிருந்து தொடங்குவோம். ஓசிடியின் முதற்சொல்லான 'ஒப்செஷன்', ஒன்றின் முன்னே போய் அமர்ந்து வளைத்துக்கொள்வதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்முடைய உழிஞைத் திணை பாடும் முற்றுகை அதுவே. அடுத்த சொல் 'கம்பல்ஷன்'. அதன் மூல வினைக்கு மந்தையைச் சேர்த்து ஓட்டுதல் என்று பொருள். எண்ணம் முற்றுகையிடுகிறது, செயல் மனிதரைச் சாய்த்துக்கொண்டு போகிறது. தமிழில் பரவலாக எழுதும் 'எண்ணச் சுழற்சி நோய்' முதற்பாதியை அழகாகச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறது. கை வெடிக்கும்வரை கழுவுவதும், பூட்டை நாற்பது தரம் இழுத்துப் பார்ப்பதும் சுழற்சிக்குள் மறைந்துபோகின்றன. 'எண்ணச் சுழற்சி – கட்டாயச் செயல் நோய்' சற்று நீளம், ஆனால் சரியானது. துடக்கும் ஊத்தையும் பார்த்து வளர்ந்த வீடுகளில் இந்த நோயாளிக்குக் கிடைக்கும் பெயர் 'சரியான சுத்தக்காரி'. அந்தப் பாராட்டு சிகிச்சையை வருடக்கணக்கில் பின்தள்ளுகிறது.

இனித் 'தூண்டல்'. 'ஸ்டிமுலஸ்' என்ற இலத்தீன் சொல் மாட்டை ஓட்டும் முட்கோலைக் குறித்தது. நம் தாற்றுக்கோல், பேச்சில் தார்க்குச்சி. ஏற்கெனவே ஓட்டப்பட்டுக் களைத்த மனிதருக்கு இன்னொரு குத்தா என்று தோன்றும். தமிழ்ச்சொல் அந்தப் படத்தை மாற்றிவிடுகிறது. தூண்டுதல் என்றால் நமக்கு முதலில் வருவது விளக்குத் திரி. திரி உள்ளே போனால் சுடர் மங்கும், அளவுக்கு மிஞ்சித் தூண்டினால் புகை கக்கும். கருவியின் மின்னளவைச் சரிசெய்யும் வைத்தியர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். மின்னளவு கூடிப்போனால் நோயாளி நித்திரையின்றி, ஓயாத பேச்சும் அளவு மீறிய உற்சாகமுமாக மாறிவிடுவார். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும்.

ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். 'தூண்டல்' என்றதும் மூளையை முடுக்கிவிடுவது என்று புரிந்துகொள்கிறார்கள். ஓசிடியில் நெற்றிப்புற மூளைக்கும் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களுக்கும் இடையிலான ஒரு சுற்று, 'இன்னும் சரியில்லை' என்ற செய்தியைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 130 துடிப்பு என்ற வேகத்தில் மின்னோட்டம் போகும்போது, அந்தப் பிழைத்தாளம் கலைகிறது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், பொலக் ஆகிய வைத்தியர்கள் நடுக்கத்துக்கு இதைத் தொடங்கினர். 1999இல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து நட்டின் என்ற வைத்தியரின் குழு ஓசிடிக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டது. அதற்கு முன் மூளையின் அதே இடத்தில் நரம்பிழைகளைச் சுட்டு அழிப்பதே வழி. தூண்டலை நிறுத்தலாம், திருத்தலாம்.

பெயரில் 'ஆழ்ந்த மூளைத் தூண்டுதல்' என்று எழுதுவது பிழை. ஆழ்ந்த மூளை என்றால் ஆழ்ந்து சிந்திக்கும் மூளை என்றாகிவிடும். இங்கே ஆழம் என்பது இடம். ஆகவே ஆழ்கடல் போல, ஆழ்மூளை.

எல்லோருக்கும் உரிய சிகிச்சையன்று இது. ஓசிடியின் கடுமையை 0 முதல் 40 வரை அளக்கும் யேல்–பிரவுண் அளவுகோலில் பெரும்பாலும் 28க்கு மேல் இருக்கவேண்டும். அமெரிக்காவின் 2009 அனுமதி, மூளையின் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் வேலைசெய்யும் மருந்துகளில் குறைந்தது மூன்று பலனளிக்காத வயதுவந்தோருக்கு மட்டும். ஒவ்வொரு மருந்தையும் போதிய அளவில் 10–12 வாரம் எடுத்திருக்கவேண்டும். இரண்டு கிழமையில் நிறுத்தியது தோல்விக் கணக்கில் வராது. அஞ்சுவதை எதிர்கொண்டு, கழுவாமல் இருக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும் முறையாகச் செய்திருக்கவேண்டும்.

சத்திரசிகிச்சையில் தலைக்குச் சட்டம் பூட்டி, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து இடம் குறித்து, 1.27 மில்லிமீற்றர் தடிப்புள்ள மின்வாய்க் கம்பியை இரு பக்கமும் இறக்குவார்கள். இணைப்பு வயர் காதின் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்பின் கீழ் வைத்த துடிப்புக் கருவியில் சேரும். மூளைக்குள் இரத்தக் கசிவும், கருவி வைத்த இடத்தில் கிருமித்தொற்றும் முக்கிய ஆபத்துகள். முதலில் மனநிலை தெளியும், பிறகு பதற்றம் குறையும். கட்டாயச் செயல்கள் கடைசியில்தான், அதுவும் நடத்தைச் சிகிச்சையோடு மாதக்கணக்கில். பத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்குப் பலன் உண்டு. பலன் என்பது 35 வீதக் குறைவு, அதாவது 34 இருந்த புள்ளி 22 ஆவது. நோய் இருக்கும்; ஆனால் ஒரு மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரமுடியும்.

காந்தத் தூண்டலில் சொல்லே வியப்புத் தருகிறது. நம் பாடநூல்களில் 'தூண்டல் – துலங்கல்' என்பதும் தூண்டல், 'மின்காந்தத் தூண்டல்' என்பதும் தூண்டல். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். இந்தச் சிகிச்சையிலோ இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. மாறும் காந்தப்புலம் மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அது நரம்பைத் தூண்டுகிறது. 2018இல் அமெரிக்காவில் ஓசிடிக்கு அனுமதி பெற்ற முறையில் ஆறு கிழமையில் 29 அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் முன் நோயாளியின் பயத்தை வேண்டுமென்றே சற்றுக் கிளப்புவார்கள், சுற்று இயங்கும்போதே துடிப்பு படவேண்டும் என்பதற்காக. மயக்கமருந்து தேவையில்லை; தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்குக் கூடாது.

ஆழ்மூளைத் தூண்டல் கருவி வைத்தவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கருவிக்கான அட்டையைக் காட்டவேண்டும், உடற்பயிற்சிச் சிகிச்சையில் டயதர்மி வெப்பம் எடுக்கவே கூடாது. ஓசிடிக்கு மின்னளவு கூடுதல் என்பதால் சாதாரண பற்றரி ஓரிரு வருடத்தில் தீரலாம். தீர்ந்ததும் நோயும் சோர்வும், சிலருக்கு உயிரை வெறுக்கும் எண்ணமும் விரைந்து திரும்பும். அப்போது உடனே வைத்தியரிடம் போகவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். மின்னேற்றும் வகையென்றால் தோலின்மேல் சுருளை வைத்து ஏற்றுவது, அதுவும் மின்காந்தத் தூண்டலே. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்சாரம் நின்ற ஊர் இது. மின்னேற்றிக்குள் தனிப் பற்றரி இருக்கிறதா என்று கருவி வைக்கமுன்பே கேட்டுவைக்க வேண்டும்.