ஃபீட்பேக்: ஊளையும் முழக்கமும்

அறுபதுகளின் பிற்பகுதி ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே இடறிவிடும் சொல் ஃபீட்பேக். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி கித்தாருக்குள்ளோ மைக்குக்குள்ளோ திரும்பப் புகுந்து எழுப்பும் நீண்ட ஊளை அது. தமிழில் இதற்குப் ‘பின்னூட்டம்’ என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தமிழ் படிக்கும் எவருக்கும் பின்னூட்டம் என்றால் பதிவுக்குக் கீழே வாசகர் எழுதும் கருத்துதான். ராக் கித்தார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பற்றி ‘ஹெண்ட்ரிக்ஸின் கித்தாரில் பின்னூட்டம் எழுந்தது’ என்று எழுதினால், யாரோ கித்தாரைப் பற்றிக் கருத்துச் சொன்னதாகத்தான் படிப்பவர் நினைப்பார். எனவே இந்தச் சொல்லை வேரிலிருந்து பார்ப்பது நல்லது.

ஆங்கிலத்தில் இது வானொலிக் காலத்துச் சொல். 1912-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங், வானொலியின் வால்வு (வெற்றிடக் குழாய்) ஒன்றின் வெளியீட்டில் சிறு பகுதியை எடுத்து அதே வால்வின் உள்ளீட்டில் திரும்பச் செலுத்தினார். மங்கலாகக் கேட்ட நிலையங்கள் உரக்கக் கேட்டன. செலுத்துவது அளவு மீறினால் கருவி தானாகவே சீட்டியடிக்கத் தொடங்கிற்று. அதோடு நிற்காமல் அக்கம்பக்கத்து வீட்டு வானொலிகளுக்குள்ளும் அந்தச் சீட்டி புகுந்தது. வெளியே வந்ததை மறுபடி உள்ளே ‘ஊட்டுவது’ என்ற இந்தச் செயலே ஃபீட்பேக். கருத்து, மதிப்பீடு என்ற பொருளெல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியவை. அலுவலகத்தில் இன்று கேட்கும் ஃபீட்பேக், மின்சுற்றிலிருந்து கடன் வாங்கிய உருவகம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒலியில் எழும் இந்த ஊளைக்கு டென்மார்க்கு இயற்பியலாளர் சோரென் லார்சன் பெயரையே வைத்து, ‘லார்சன் விளைவு’ என்கிறார்கள்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். உண் என்பதன் பிறவினை ஊட்டு, அதிலிருந்து ஊட்டம். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம், துணிக்குச் சாயம் ஊட்டுகிறோம், இயற்பியலில் மின்னூட்டம் என்கிறோம். ஒன்றுக்குள் இன்னொன்றை ஏற்றுவது என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே ‘ஊட்டம்’ மிகப் பொருத்தம். சிக்கல் ‘பின்’னில்தான். தமிழில் பின் என்பது பின்புறம், பிறகு இரண்டையும் குறிக்கும். ‘திரும்ப’ என்ற பொருள் அதில் வலுவாக இல்லை. வலைப்பதிவு உலகம் அதைப் ‘பிறகு’ என்று எடுத்துக்கொண்டது: பதிவுக்குப் பின் ஊட்டப்படுவது. அது தவறு இல்லை, ஆனால் சுற்றி வருதல் என்ற மூலப்பொருள் அங்கே கரைந்துவிட்டது. ‘மீளூட்டம்’ என்று தொடக்கத்திலேயே வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. இருந்தாலும் நேர்ப் பின்னூட்டம், எதிர்ப் பின்னூட்டம் என்று மேல்நிலை இயற்பியல் வரை நிலைத்துவிட்ட சொல்லை இப்போது பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

எதிரொலி என்று மொழிபெயர்ப்பது முழுத் தவறு. எதிரொலி சுவரில் பட்டுத் திரும்பி, தேய்ந்து மறையும். ஊளையாக எழும் பின்னூட்டம் தேயாது, ஒவ்வொரு சுற்றிலும் வளரும். எதிர்வினை என்பதும் சரியில்லை, அது வேதியியலிலும் மனித நடத்தையிலும் வேலை செய்யும் வேறு சொல்.

நேர், எதிர் என்ற அடைமொழிகளிலும் ஒரு வழுக்கல் உண்டு. அலுவலகத்தில் ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ என்றால் குறை சொல்வது. பொறியியலில் அதுதான் நல்ல பிள்ளை. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் 1927 ஆகஸ்டில் வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றுப் படகில், கையிலிருந்த செய்தித்தாளின் வெற்றுப் பக்கத்தில் வரைந்தது எதிர்ப் பின்னூட்டப் பெருக்கி. வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே செலுத்தினால் உரப்பு குறையும், ஆனால் ஒலித்திரிபும் கூடவே குறையும். தொலைதூரத் தொலைபேசிக்கு அது உயிர்நாடியாயிற்று. கித்தாரில் ஊளையிடுவது இதற்கு நேர்மாறான நேர்ப் பின்னூட்டம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பதும் உண்டு. கித்தார் ஒலியைப் பெருக்கும் பெட்டியான மார்ஷல் ஆம்ப்பின் முகப்பில் ‘பிரெசன்ஸ்’ என்ற குமிழ் இருக்கும். அதைக் கூட்டும்போது ஆம்ப்புக்குள் உள்ள எதிர்ப் பின்னூட்டத்தின் மேல்சுரப் பகுதி குறைகிறது, மேல்சுரங்கள் கூர்மையாகின்றன, வெளியே நேர்ப் பின்னூட்டம் எளிதில் பற்றிக்கொள்கிறது.

இனி அது எப்படிப் பற்றுகிறது என்று பார்ப்போம். கித்தார்க் கம்பி அதிர்கிறது. அதன் கீழிருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்னலையாக்குகிறது, ஆம்ப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் காற்றை அசைக்கிறது. அந்தக் காற்று திரும்ப வந்து அதே கம்பியைத் தள்ளுகிறது. இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒரு சுற்று முடிந்து திரும்பும் விசை, கம்பி இழந்த ஆற்றலை ஈடுகட்டும் அளவாவது இருக்க வேண்டும். அதோடு அந்தத் தள்ளல் கம்பியின் அசைவோடு ஒத்த கட்டத்தில் வந்து சேர வேண்டும். ஊஞ்சலை எந்த நொடியில் தள்ளுகிறோம் என்பதைப் போன்றது இது. நேரம் தவறினால் ஊஞ்சல் நின்றுவிடும்.

இதனால்தான் மேடையில் நிற்கும் இடம் சுரத்தை மாற்றுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் 78 சென்டிமீட்டர். வாசிப்பவர் ஆம்ப்பிலிருந்து 39 சென்டிமீட்டர் நகர்ந்தால் கட்டம் தலைகீழாகிறது. அந்தச் சுரம் அணைந்து, அந்த இடத்துக்குப் பொருந்துகிற வேறோர் இணைச்சுரம் (கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கில் கூடவே ஒலிக்கும் சுரம்) எழும்பும். கால்களை அரையடி முன்னும் பின்னும் வைப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

இதைப் பதிவில் வேண்டுமென்றே வைத்த முதல் பெரிய பாட்டாகச் சொல்லப்படுவது பீட்டில்ஸின் ‘ஐ ஃபீல் ஃபைன்’. 1964 அக்டோபர் 18 அன்று லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. ஜான் லெனன் தம் கிப்சன் ஜே-160இ கித்தாரை ஆம்ப்பில் சாய்த்து வைத்திருந்தார். மரப்பெட்டி உடலும் உள்ளே பிக்கப்பும் கொண்ட கித்தார் அது. பால் மெக்கார்ட்னி பேஸ் கித்தாரில் ‘ஏ’ சுரத்தை மீட்ட, சாய்ந்திருந்த கித்தார் தானாக ரீங்கரிக்கத் தொடங்கியது. கணக்கு இங்கே அழகாக உட்காருகிறது. பேஸின் திறந்த ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் இணைச்சுரம் 110. கித்தாரின் ஐந்தாம் கம்பி திறந்த நிலையில் சரியாக 110 ஹெர்ட்ஸ். யாரும் தொடாமலே அந்தக் கம்பி விழித்துக்கொள்ளக் காரணம் இந்தப் பொருத்தம். மரப்பெட்டியும் காற்றோடு சேர்ந்து அதிர்ந்து தன் பங்குக்கு உதவுகிறது.

அடுத்த ஆண்டு மே மாதம் தி ஹூ குழுவின் ‘எனிவே, எனிஹவ், எனிவேர்’ வந்தது. அதில் குழுவின் கித்தார்க் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பாட்டின் நடுப்பகுதி முழுவதும் இதை விரித்து வைத்தார். அமெரிக்க இசைத்தட்டுப் பதிப்பாளர்கள் ஒலிநாடாவில் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பினார்கள் என்பது அந்தக் குழுவின் வரலாற்றில் நிலைத்த செய்தி. கேட்டுப் பழகாத காதுக்கு ஊளைக்கும் இசைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடம்தான் இது முழு வாத்தியமாகிறது. 1967 மே மாதம் பிரிட்டனில் வெளியான முதல் ஆல்பத்தில் ‘ஃபாக்ஸி லேடி’ தொடங்கும் விதத்தைக் கூர்ந்து கேளுங்கள். மீட்டும் ஓசையே இல்லை. விரல் பிடித்த சுரம் நடுங்கிக்கொண்டே, எங்கோ அடியிலிருந்து மெல்ல வீங்கி வருகிறது. உரப்பு ஏறி, பின்னூட்டம் அதைத் தாங்கிக்கொண்ட பிறகே தாளம் உள்ளே விழுகிறது. மீட்டிய சுரம் எப்போதும் உரத்துப் பிறந்து தேய்ந்து சாகும். இந்தச் சுரம் மெலிந்து பிறந்து வளர்கிறது. கித்தாரின் இயல்பையே தலைகீழாக்குகிற செயல் அது.

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, வுட்ஸ்டாக் இசைவிழாவில் அவர் வாசித்த அமெரிக்க நாட்டுப் பண்ணும் இதே நுட்பத்தின் மேல் நிற்கிறது. கையில் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார், காலடியில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல், பின்னால் மார்ஷல் ஆம்ப் அடுக்கு. கித்தாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்திலுள்ள நெம்புகோலை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுரம் பள்ளத்தில் விழும். சாதாரணமாக அதற்குள் ஒலி செத்துவிடும். பின்னூட்டம் கம்பிக்கு ஆற்றல் கொடுத்துக்கொண்டே இருப்பதால், விழும் சுரம் விழுந்துகொண்டே முழங்குகிறது. வியட்நாம் போர் நடந்த ஆண்டில் அது குண்டு விழும் ஓசையாகவே காதில் பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘லைவ்/டெட்’ இரட்டை இசைத்தட்டில், எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு பகுதிக்குப் பெயரே ‘ஃபீட்பேக்’. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1968 ஆல்பமான ‘ஒயிட் லைட்/ஒயிட் ஹீட்’ இதைக் கரடுமுரடாகவே விட்டுவைத்தது. அதுவும் ஒரு தேர்வுதான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆம்ப்பில் ஒலி உடையத் தொடங்கும் அளவுக்கு கெயினை (பெருக்கும் அளவை) கூட்டுங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டரில், கித்தாரின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்க நில்லுங்கள். மூன்றாம் கம்பியை ஒன்பதாம் ஃபிரெட்டில் (கித்தார்க் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி மீட்டுங்கள். அது 330 ஹெர்ட்ஸ் ‘இ’ சுரம். மற்ற ஐந்து கம்பிகளையும் இரு கைகளாலும் அடக்கிவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான், அடக்காத தடித்த கம்பி முந்திக்கொண்டு உறுமும். விரலை மெல்ல நடுக்கிக்கொண்டே உடலைச் சிறிது திருப்புங்கள். சில நொடிகளில் சுரம் தேய்வது நிற்கும், பிறகு அதன் மேல்ஸ்தாயி இணைச்சுரம் மலரும். இவ்வளவு உரப்பில் காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். 100 டெசிபெல்லில் பாதுகாப்பான நேரம் நாள் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம்தான்.

சுரம் வராமல் காதைக் கிழிக்கும் கீச்சொலி வந்தால் ஒரு சோதனை போதும். உள்ளங்கையால் ஆறு கம்பிகளையும் அழுத்தி மூடுங்கள். ஒலி நின்றால் அது கம்பியின் பின்னூட்டம், வாசிப்பில் திருத்திக்கொள்ளலாம். நிற்காவிட்டால் பிக்கப்பே ஒலிவாங்கியாக வேலை செய்கிறது: அதன் சுருளில் செப்புக் கம்பி தளர்ந்து தானே அதிர்கிறது. பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து, வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருக்கி, பிக்கப்பை அதில் மூழ்கவிட்டுக் குமிழிகள் வருவது நிற்கும்வரை வைப்பதே வழக்கமான மருந்து. மெழுகை நேரடித் தீயில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். சூடு கூடினால் சுருளின் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்துவிடும்.

மேடை மைக்கில் வரும் ஊளைக்கும் அதே சுற்றுத்தான் காரணம், நடுவில் கம்பி மட்டும் இல்லை. கல்யாண மண்டபத்திலும் பொதுக்கூட்டத்திலும் ‘கொய்ங்’ என்று காதைக் குடையும் அந்த ஒலியை சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ‘மைக் கத்துது’, ‘விசிலடிக்குது’ என்பார்கள். ஸ்பீக்கர் பேசுபவருக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை மைக்கைத் தாண்டிக் கூட்டத்தின் பக்கம் நகர்த்த வேண்டும். பேசுபவர் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபெல் கூடும். அந்த அளவுக்கு கெயினைக் குறைக்கலாம். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், ஊளையில்லாமல் ஒலியைக் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபெல் போய்விடும், எனவே பேசாதவர் மைக்கை மூடிவிட வேண்டும். ஊளையிட்டதும் பதறி மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்துவது ஊளையைக் கூட்டும், ஏனென்றால் பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் வாங்கத் தொடங்குகிறது.

எழுதும்போது என்ன சொல் போடுவது? மூன்றாகப் பிரித்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு. சுற்றைக் குறிக்கும்போது பின்னூட்டம். வேண்டாமல் வருவது ஊளை. இசைக்கலைஞர் பிடித்து நிறுத்தி ஆள்வது பின்னூட்ட முழக்கம். இடம் தெளிவாக இருந்தால் வெறும் முழக்கம் போதும். பறைக்கும் கடலுக்கும் இடிக்கும் நாம் வழங்கும் முழக்கத்தில், விடாமல் நீள்கிற ஒலி என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ‘டவுன்ஷெண்ட் ஆம்ப்பை நோக்கித் திரும்பிப் பின்னூட்ட முழக்கத்தை எழுப்பினார், பதிப்பாளர்கள் அதை ஊளை என்று நினைத்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் எங்கும் இடறமாட்டார்.