சாவுக்குக் காரணம்: காய்ச்சல்

வெள்ளைக்காரர் காலத்துக் கிராம இறப்புப் பதிவேடுகளைப் பார்க்கக் கிடைத்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். நான் சமூக மருத்துவத்துறையில் இருப்பதால் இந்தப் பழைய கணக்குகளோடு அடிக்கடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. காரணம் எழுதும் கட்டத்தில் பக்கம் பக்கமாகக் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். நடுவில் ஒரு பேதி, ஒரு அம்மை, திரும்பவும் காய்ச்சல்.

அந்த ஜனங்கள் எல்லாரும் காய்ச்சலிலா செத்தார்கள்? இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் சாவைப் பதிந்தது டாக்டர் இல்லை, மணியக்காரர். அவருக்குக் கொடுத்திருந்த தலைப்புகளே கொஞ்சம்தான்: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், பேதி, மூச்சு சம்பந்தமான நோய், காயம், மற்றவை. தற்கொலை, விபத்து, பாம்புக்கடி எல்லாம் அந்தக் 'காயத்துக்குள்' அடக்கம். மலேரியாவோ டைபாய்டோ பிரசவத்துக்குப் பின் வந்த ஜன்னியோ, உடம்பு சுட்டால் காய்ச்சல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிலவரி வசூலுக்கு நடுவில் இதையும் பார்த்த மனுஷர்.

1918இல் இன்ஃப்ளூயன்சா என்ற விஷக்காய்ச்சல் வந்து இந்தியாவில் கோடிக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கென்று தனிக் கட்டம் கிடையாது, பெரும்பகுதி காய்ச்சல் கணக்கிலேயே ஏறியது. பிற்பாடு ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், வழக்கமான வருஷங்களில் காய்ச்சலில் எத்தனை சாவு, அந்த வருஷம் எத்தனை என்று கழித்துப் பார்த்துத்தான் இந்தக் கணக்குக்கே வந்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் இன்னும் மோசம், ஏனென்றால் பசிக்கும் கட்டம் இல்லை. பட்டினியில் உடம்பு ஒடுங்கி, கடைசியில் பேதி கண்டு செத்தவர் பேதிக் கணக்கில் போனார். வேலை தேடிப் போய் வழியில் விழுந்தவர்களில் பலர் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. அப்போது மாகாண சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு அரசு நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், உயிர் தாங்காது என்று விடாமல் வாதாடினார். அவர் கையில் இருந்த ஆயுதம் முகாம்களின் சாவுக் கணக்கு. அந்த வேகத்தில் போனால் வருஷத்துக்கு 94 சதவீதம் பேர் போய்விடுவார்கள் என்று காட்டினார். 1877 நடுவில் கூலியை ஏற்றத்தான் வேண்டி வந்தது.

கணக்குப் புத்தகம் விட்டதைச் சில சமயம் கல் சொல்லும். வடமாவட்டங்களில் பழைய பாதையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள், பல இடங்களில் அது வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக வீட்டார் நட்டது. பதிவேட்டில் அவள் காய்ச்சலாகவோ மற்றவையாகவோ இருப்பாள், இல்லாமலும் இருக்கலாம்.

சரி, பழங்கதை எதற்கு என்கிறீர்களா? 1980இல் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் ஒழிந்து வி.ஏ.ஓ. வந்தார், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஆனால் வீட்டில் நடக்கும் சாவுக்குக் காரணம் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் முடிவாகிறது. அன்றைக்குக் காய்ச்சல், இன்றைக்கு மாரடைப்பு. கொஞ்சம் வயதானவர் என்றால் முதுமை. பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாடு முழுவதற்கும் 22.5 சதவீதம்தான். பாம்புக்கடியில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்பதே, ஆஸ்பத்திரிக் கணக்கை நம்பாமல் வீடு வீடாகப் போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் 1994 முதல் 1999 வரை ஒவ்வொரு சாவையும் வீட்டாரிடம் கேட்டுப் பதிந்தபோது, தற்கொலை விகிதம் அன்றைய அரசுக் கணக்கின் தேசிய சராசரியைப் போல ஒன்பது மடங்கு வந்தது. வயிற்றுவலி, தவறி விழுந்தது என்று ஊரில் சொல்லப்படும் சாவுகளின் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறமும் நாம் கேட்காமல் இருந்தால் எப்படி? (மனசு சரியில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை.)

டாக்டர்கள் பக்கமும் கோளாறு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டாக்டர் எழுதித் தரும் காரணச் சான்று, ஆஸ்பத்திரியில் நடந்த சாவுக்குப் படிவம் 4, வெளியே நடந்ததற்கு 4ஏ. அதில் முதல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதைக் கொண்டு வந்தது எது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலம் எது என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். நிறைய பேர் முதல் வரியில் 'இதயமும் சுவாசமும் நின்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். செத்தவர் எல்லாருக்கும் அது நின்றுதானே இருக்கும்! பத்து வருஷச் சர்க்கரை, அதனால் கெட்ட சிறுநீரகம், அதனால் வந்த மாரடைப்பு என்று எழுதினால் அந்த ஊருக்குச் சர்க்கரை மருந்து எவ்வளவு வேண்டும் என்று யாராவது யோசிப்பார்கள்.

வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் துக்கத்தில் எதுவும் ஓடாது, அதனால் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் காரணச் சான்று தர வேண்டும், அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்று 1969ஆம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. 2023இல் வந்த திருத்தப்படி அதன் நகல் ஒன்று நெருங்கிய உறவினருக்கும் சேர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வி.ஏ.ஓ.விடம் சொல்லப் போகும்போது பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள், பக்கத்து வீட்டுப் பெரியப்பாவை அனுப்பிவிட்டு அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லும்படி விடாதீர்கள். பாம்புக்கடி, விபத்து, விஷம் என்றால் போலீசுக்குச் சொல்லி போஸ்ட்மார்ட்டம் செய்துவிடுவதுதான் நல்லது, பின்னால் நிவாரணம், இன்சூரன்ஸ் என்று போகும்போது அந்த அறிக்கையைத்தான் கேட்பார்கள்.

உண்மையைச் சொன்னால் சர்டிபிகேட்டில் வந்து நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். எய்ட்ஸ், காசநோய், தற்கொலை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பயத்துக்கு இடமில்லை. காரணம் பதிவேட்டிலும் டாக்டர் தரும் காரணச் சான்றிலும்தான் இருக்கும், உங்கள் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் அதைக் காட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது.