ட்ரோனுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே

உக்ரைன் போர்முனையில் பறக்கும் எஃப்பிவி (‘முதல் நபர் பார்வை’) ட்ரோன் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், ராணுவ ரகசியம் என்று சொல்லும்படி ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. கார்பன் இழைச் சட்டம், நான்கு மோட்டார்கள், ஏழு அல்லது பத்து அங்குல விசிறிகள், சாய்வை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து சரிசெய்யும் ஒரு சிறு சர்க்யூட் பலகை, கேமரா, லித்தியம் பேட்டரி. பந்தய ட்ரோன் ஓட்டுகிறவர்கள் போருக்கு முன்பே கடையில் வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்த அதே சாமான்கள்தான். விலை நானூறு, ஐந்நூறு டாலர் அளவில் இருக்கும். ஓட்டுபவர் கண்களை முழுதாக மூடும் திரைக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ட்ரோனின் கேமரா பார்ப்பதைத் தானும் பார்த்தபடி கொண்டுபோய் இலக்கில் மோதுகிறார்.

2023 டிசம்பரில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி அடுத்த ஆண்டுக்குள் பத்து லட்சம் ட்ரோன்கள் தயாரிக்கப்படும் என்று அறிவித்தார். 2025 பிப்ரவரியில் லண்டனின் ரூசி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இரண்டு கணக்குகளைத் தருகிறது. சேதமான, அழிந்த ரஷ்யத் தளவாடங்களில் 60 முதல் 70 சதவீதம் சிறிய ட்ரோன்களின் கணக்கில் சேர்கிறது. அதே சமயம், உக்ரைன் அனுப்பும் எஃப்பிவிகளில் 60 முதல் 80 சதவீதம் இலக்கைத் தொடுவதே இல்லை. முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் பொருந்துகின்றன: ஐந்தில் நான்கு வீணானாலும் கட்டுப்படியாகும் விலை. ஆனால் அந்த நான்கு ஏன் வீணாகின்றன என்று கேட்டால்தான் இந்தப் போரின் உள்ளே போக முடியும். பேட்டரி குளிரில் சோர்ந்துபோவதும் விசிறியில் பனி படிவதும் காரணங்களில் சேரும். பெரும்பங்கு ஓட்டுபவருக்கும் ட்ரோனுக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுவதால் வருவது.

அந்தத் தொடர்பில் இரண்டு பாதைகள் உண்டு. ஓட்டுபவரின் கட்டளை ட்ரோனுக்குப் போவது ஒன்று. பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ 2.4 கிகாஹெர்ட்ஸிலோ போகும். படம் திரும்பி வருவது மற்றொன்று, வழக்கமாக 5.8 கிகாஹெர்ட்ஸ். படத்துக்குப் பழைய அனலாக் முறையையே பலரும் விரும்புவதற்குக் காரணம், டிஜிட்டல் படத்தில் வரும் தாமதம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் ட்ரோன் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. படம் பத்தில் ஒரு நொடி பிந்தினால், ஓட்டுபவர் பார்ப்பது ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு முந்தைய உலகம். மேலும், டிஜிட்டல் படம் சிக்னல் குறைந்ததும் உறைந்து நின்றுவிடும். அனலாக் படம் புள்ளி புள்ளியாகக் கெடும், பழகிய கண்ணுக்கு அதிலும் வழி தெரியும்.

கட்டளையைக் கெடுப்பது எளிது. ரேடியோ அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ட்ரோனிலிருந்து ஓட்டுபவர் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், சிக்னலை இரைச்சலால் மூழ்கடிக்கும் எதிரியின் ஜாமர் 100 மீட்டர் தள்ளி ஒரு பதுங்குகுழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே திறனில் ஒலிபரப்பினால், ட்ரோனின் காதில் ஜாமரின் இரைச்சல் பத்தாயிரம் மடங்கு உரக்கக் கேட்கும். தாக்கும் பக்கம் அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றித் தாவுகிறது, அல்லது யாரும் எதிர்பார்க்காத அலைவரிசைப் பட்டைக்கு இடம்பெயர்கிறது. ஜாமர் எல்லாப் பட்டைகளையும் அடைக்க முயன்றால் அதன் வலிமை கரைந்துபோகும்: 10 மெகாஹெர்ட்ஸில் கொட்டிய அதே வாட்டை 500 மெகாஹெர்ட்ஸில் பரப்பினால் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் கிடைப்பது ஐம்பதில் ஒரு பங்கு. எந்தப் பட்டை இன்று திறந்திருக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால், போன மாதம் வேலை செய்த ஜாமர் இந்த மாதம் வெறும் பெட்டியாகிவிடலாம்.

படத்தைக் கெடுப்பது வேறு கணக்கு. படத்தை வாங்கும் ஆன்டெனா ஓட்டுபவரிடம் இருக்கிறது. பதுங்குகுழி ஜாமரும் ட்ரோனும் அவரிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், பக்கத்தில் இருப்பதன் அனுகூலம் ஜாமருக்கு இங்கே இல்லை. இந்தப் பாதையை அறுப்பது பெரும்பாலும் பூமிதான். சமதரையில் ஓட்டுபவரின் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்திலும் ட்ரோன் 100 மீட்டர் உயரத்திலும் இருந்தால் ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு சிக்னலை மறைக்கத் தொடங்கும் தூரம், ஏறத்தாழ 49 கிலோமீட்டர். அதே ட்ரோன் இலக்கை நோக்கி 2 மீட்டருக்கு இறங்கியதும் அது 14 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். மேடும் மரமும் குறுக்கே வந்தால் இன்னும் மோசம். அதனால்தான் மோதுவதற்கு முந்தைய கடைசி நொடிகளில் படம் அடிக்கடி அணைந்துபோகிறது. உயரத்தில் இன்னொரு ட்ரோனை நிறுத்தி அதன் வழியாகச் சிக்னலை எடுத்து அனுப்புவது இதற்கான மாற்று. படம் திறந்தவெளியில் வருவதால் எதிரியும் பார்க்கலாம். உக்ரைனியர்களின் ‘சுய்கா’ என்ற கையடக்கக் கருவி அருகில் வரும் எஃப்பிவியின் படத்தைப் பிடித்துத் தன் திரையில் காட்டிவிடும். நம் பதுங்குகுழியே அந்தப் படத்தில் தெரிந்தால் ஓட வேண்டிய நேரம்.

2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் ரஷ்யர்கள் களமிறக்கிய ட்ரோன்கள் இந்தச் சண்டையையே சுற்றிக்கொண்டு போயின. அவற்றில் ரேடியோ கிடையாது. வாலில், கட்டளையையும் படத்தையும் ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை. கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கும் ஏவுகணை புதிதல்ல, அமெரிக்காவின் டோ ஏவுகணை 1970 முதல் அப்படித்தான் போகிறது. புதுமை, தொலைத்தொடர்புக்கான இழையின் மலிவிலும் எடையிலும் இருக்கிறது. மேற்பூச்சோடு சேர்த்தும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். பத்து கிலோமீட்டர் இழையின் எடை முக்கால் கிலோவுக்குள் அடங்கும். சுருளும் கூடும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அந்தத் தூரத்தைக் கடந்த பிறகும் ஒளியில் கிட்டத்தட்ட பாதி மிஞ்சுகிறது. ரேடியோவால் கனவிலும் எட்ட முடியாத கணக்கு இது.

இழை அறுந்துபோகாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சுருள் தரையில் இல்லை, ட்ரோனில் இருக்கிறது. ட்ரோன் முன்னே போகப் போக இழை பின்னால் அவிழ்ந்து வயலில் படிகிறது. படிந்தது நகர்வதே இல்லை. இழுவிசை அவிழும் இடத்தில் மட்டுமே. ஆனாலும் சிக்கல்கள் உண்டு. சடாரென்று திரும்பினாலோ பின்னோக்கி நகர்ந்தாலோ இழை விசிறியில் சுற்றிக்கொள்ளும். சுருளில் ஒரு சுற்று பிசகினால் முடிச்சு விழும். கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்து படம் போய்விடும். சுருளின் எடை வெடிபொருளின் பங்கைத் தின்கிறது. வெயிலில் மின்னும் இழையைப் பின்தொடர்ந்தால் ஓட்டுபவர் இருந்த இடத்துக்கே போய்ச் சேரலாம்.

கடைசிச் சில நூறு மீட்டரை ட்ரோனே பார்த்து முடிக்கும்படி செய்வது மற்றொரு வழி. ஓட்டுபவர் இலக்கைக் குறித்துவிட்டால், உள்ளிருக்கும் சிப் அந்தப் படத்துண்டைத் தொடர்கிறது. மரநிழலிலும் புகையிலும் இலக்கும் பின்னணியும் ஒரே நிறமாகும்போது அது தடுமாறும். அதைவிடப் பெரிய கவலை, தொடர்பு போன பிறகு தவறை நிறுத்த யாராலும் முடியாது என்பது.

ஆனால் மனிதர் பார்த்துக்கொண்டிருப்பதே காப்பாகிவிடாது. ட்னீப்பர் ஆற்றின் வலது கரையில் கெர்சான் நகரம், இடது கரையில் ரஷ்யப் படை; நடுவே சில கிலோமீட்டர். தெளிவான படத்தைப் பார்த்துக்கொண்டே அங்கே சைக்கிளில் போகிறவர்களையும் பேருந்துகளையும் ஆம்புலன்ஸ்களையும் தாக்குகிறார்கள். 2025 ஜனவரியில் உக்ரைனில் ஐ.நா. பதிவு செய்த பொதுமக்கள் சாவுகளில் 27 சதவீதம் குறுந்தூர ட்ரோன்களால் நேர்ந்தவை. இறந்தவர்களையும் காயமடைந்தவர்களையும் சேர்த்தால், வேறெந்த ஆயுதமும் அந்த மாதம் இவ்வளவு பேரைப் பாதிக்கவில்லை. கெர்சான் தாக்குதல்கள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் முடிவு சொன்னது. கேமரா இருப்பதால் துல்லியம், துல்லியத்தால் கருணை என்று நம்பியவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

எந்த ஜாமரும் தொட முடியாத இழை ட்ரோனைத் தடுக்க, சாலைகளின் இருபுறமும் கம்பம் நட்டு மேலே வலை கட்டுகிறார்கள். பிரான்சின் பிரித்தானி கடற்கரை மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகள்கூட உக்ரைனுக்கு வந்திருக்கின்றன. விசிறி நூலில் சிக்கி ட்ரோன் தொங்கிவிடும், வெடித்தாலும் வண்டிக்குச் சில மீட்டர் தள்ளி வெடிக்கும். பனியின் பாரத்திலும் காற்றிலும் வலை கிழிகிறது. அந்த ஓட்டையைத் தேடி ட்ரோன்கள் வரிசையாக வருகின்றன. அதனால் விடியுமுன் ஒரு குழு வலையைத் தைக்கக் கிளம்புகிறது.