இரண்டு வார அன்புக்கு லெட்டர் கேட்டு வராதீர்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்தால் போதும், நோயாளி இல்லாத ஒரு கூட்டம் சேலத்தில் இருக்கும் எங்கள் குழந்தைகள் கிளினிக்குக்கு வரும். கம்போடியாவிலோ நேபாளத்திலோ ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிச் சேவை செய்யக் கிளம்பும் பிள்ளைகள், கூடவே அப்பா அம்மா. "இவன் குழந்தைங்களோட நல்லா பழகுவான்னு ஒரு லெட்டர் கொடுங்க மேடம்." வெளிநாட்டுக் காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமாம். போன வாரம் பேர்லேண்ட்ஸிலிருந்து வந்த குடும்பம் ஏஜென்சிக்குப் பணமே கட்டிவிட்டது. நான் லெட்டர் தரவில்லை. கோபித்துக்கொண்டு போனார்கள்.

"அன்பு காட்டுறதுல என்ன தப்பு?" என்று கேட்டார் அந்த அப்பா. போய் வந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: "பார்த்த அஞ்சாவது நிமிஷம் ஓடி வந்து மடியில ஏறிக்கிச்சு மேடம்!" உங்கள் வீட்டு மூன்று வயதுக் குழந்தை முன்பின் தெரியாதவரைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும், அம்மா சிரித்தால்தான் கிட்டே வரும். இல்லத்தில் யார் வந்தாலும் மடியில் ஏறுகிற குழந்தைக்குத் தன்னுடையவர் என்று யாரும் நிலைக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். நீங்கள் பாசம் என்று ஸ்டேட்டஸ் போடுவது எங்கள் கேஸ் ஷீட்டில் அறிகுறி. பதினைந்தாம் நாள் நீங்கள் கிளம்புவீர்கள், பதினாறாம் நாள் வேறொருவர் வருவார். அந்தக் குழந்தைக்கு இது எத்தனையாவது டாட்டா என்று யோசித்தீர்களா?

அப்புறம், 'அனாதைகள்' என்ற நினைப்பு. கம்போடிய இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிருடன் இருந்ததாக 2011-இல் யுனிசெஃப் உதவியுடன் நடந்த ஆய்வு சொன்னது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. கூடியது அனாதைகள் இல்லை, உங்களைப் போல் பணம் கட்டி வருகிறவர்கள். லாபத்துக்காகக் குழந்தைகளை இல்லத்துக்குக் கொண்டுவருவதை ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. இல்லங்களுக்கு இப்படிச் சேவைக்குப் போவதால் வரும் தீங்குகளைப் பற்றி 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் எச்சரித்தது.

நம் ஊர் மட்டும் ஒழுங்கா? பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டி, குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, மாலையே ஏற்காடு போய்விடுகிறோம். அவர்கள் முகம் தெரியப் படம் போடுவது சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

வெளிநாடு போயே தீருவேன் என்றால், முதலில் ஏஜென்சியிடம் கேளுங்கள்: இல்லத்துக்கு அந்நாட்டு அரசின் பதிவு உண்டா? குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றை உங்களிடம் கேட்டார்களா? கேட்காமல் உள்ளே விட்டால், உங்களுக்கு முன் யார் யாரை விட்டார்களோ! பிசியோதெரபி, சிறப்புக் கல்வி மாதிரி தொழில் தெரிந்தவர்கள் அங்குள்ள ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். குழந்தையைக் கொஞ்சும் வேலை வேண்டாம்.

உதவத்தான் ஆசை என்றால் சேலத்திலேயே வழி இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள். கணவரை இழந்து, வருமானமில்லாமல் பிள்ளையை இல்லத்தில் விட நினைக்கும் அம்மா உங்கள் தெருவில் இருப்பார். பிள்ளை வீட்டிலேயே வளர மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு வாரம் ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், ஒரு வருடமாவது. உங்களுக்குப் பரீட்சை வந்தால், எந்த வாரம் வரமாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட்டு லீவு எடுங்கள்.