தானாகத் தாழும் லோடர் கை

சிறிய ட்ராக்டரின் முன்புறம் பொருத்திய லோடரால் மண்ணை அள்ளி உயர்த்தி, லீவரை நடுநிலையில் விட்டால், கை உயர்த்திய இடத்திலேயே நிற்க வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கினால், கையை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, உடனே சிலிண்டரைப் பிரித்துவிடுபவர்கள் பலர். புதிய சீல் போட்ட பிறகும் கை இறங்கும்போதுதான், அவசரப்பட்டுவிட்டோம் என்பது அவர்களுக்குப் புரிகிறது.

உள்விட்டம் 50 மில்லிமீட்டரும், பிஸ்டனோடு இணைந்து வெளியே நீளும் தண்டின் விட்டம் 30 மில்லிமீட்டரும் கொண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். 150 பார் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 3 டன் எடைக்கு நிகரான விசையைத் தரும். லீவர் நடுநிலைக்கு வந்ததும், அது இயக்கும் வால்வு பிஸ்டனின் இரு பக்கங்களுக்கும் ஆயில் போய்வரும் வழிகளை மூடிவிடுகிறது. சுமை தண்டை உள்ளே தள்ள, சிறைப்பட்ட ஆயில் அதைத் தாங்கி நிற்கிறது.

இப்போது பிஸ்டன் சீல் அடியோடு கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாராளமாகப் போகலாம்; ஆனாலும் கை இறங்கிவிடாது. தண்டு உள்ளே நுழைய வேண்டுமானால், அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவுக்கு ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறியாக வேண்டும். வழிகள் இரண்டும் மூடியிருக்க, எளிதில் சுருங்காத ஆயில் எங்கே போகும்? சுமையைத் தாங்கும் பரப்பு மட்டும் தண்டின் குறுக்குப் பரப்பான 7 சதுர சென்டிமீட்டராகக் குறைந்துவிடுவதால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்காக உயரும். அந்த உயர்ந்த அழுத்தம் வால்வில் எங்கே கசிவு இருக்கிறது என்று தேடத் தொடங்குவதால், கிழிந்த சீலுக்கும் பழியில் பங்கு உண்டு. என்றாலும் வெளியில் ஆயில் சொட்டாமலே கை இறங்குகிறது என்றால், ஆயில் போகக்கூடிய வாசல் வால்வுதான். வால்வுக்குள் நகரும் உருளைத்தண்டு, ரப்பர் சீல் எதுவுமின்றி, சில மைக்ரான் இடைவெளியில் உலோகத்தோடு உலோகமாக ஓடுவது. எனவே புதிய வால்விலும் சிறு கசிவு இயல்பே.

பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டரின் கதை வேறு. பெரும்பாலான அமைப்புகளில் அங்கே சுமை தண்டை வெளியே இழுக்கிறது. வெளியே வரும் தண்டு சிலிண்டருக்குள் இடத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே, அங்கு சீல் போய்விட்டால், வால்வு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பக்கெட் தானாகவே கவிழும்.

எது குற்றவாளி என்பதைப் பணம் செலவழிக்காமலே கண்டுபிடிக்கலாம். கையைத் தரைக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாத் திசைகளிலும் அசைத்து அழுத்தத்தைப் போக்கிய பின், கைக்குச் செல்லும் ஹோஸ்களையும் பக்கெட்டுக்குச் செல்லும் ஹோஸ்களையும் வால்வுப் பக்கத்தில் இடம் மாற்றி இணைக்க வேண்டும். லீவரின் வேலையும் மாறிவிடும் என்பதை மறக்காமல், கையை உயர்த்திப் பார்க்க வேண்டும். இப்போதும் கை முன்போலவே இறங்கினால் குறை சிலிண்டரில்; கிழிந்த சீலால் கூடிய அழுத்தம் எந்த வால்வுப் பகுதியிலும் கசிவைத் தேடிக்கொள்ளும். நின்றுவிட்டால் பழைய வால்வுப் பகுதியில். சோதிக்கும்போது உயர்த்திய கையின் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. நுண்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும் என்பதால், கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கை மெதுவாக எழுவதும் சுமையை எழுப்ப முடியாமல் திணறுவதும் ஒன்றல்ல. வேகம் பம்ப் தள்ளும் ஆயிலின் அளவைப் பொறுத்தது. வலிமை அழுத்தத்தைப் பொறுத்தது. சுமையில்லாத லோடர் கையே மெதுவாக எழுந்து, பம்பும் ஊளையிட்டால், ஆயில் குறைவையோ அடைபட்ட வடிகட்டியையோ முதலில் சந்தேகிக்கலாம். சுமையில்லாதபோது கை விரைவாக எழுந்து, சுமையோடு மட்டும் நின்றுவிட்டால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வைப் பார்க்க வேண்டும். குளிரில் நன்றாக இயங்கி, ஆயில் சூடேறியதும் தளர்ந்துபோனால், பம்ப் தேய்ந்திருக்கக்கூடும். சூட்டில் நீர்த்த ஆயில் தேய்ந்த இடைவெளிகளில் எளிதாக நழுவிவிடுகிறது.

பழுதே இல்லாத ஒரு 'பழுதும்' உண்டு. பக்கெட்டைச் சட்டென்று கவிழ்த்தால், அதன் எடை தண்டை இழுக்கும் வேகத்துக்குப் பம்பால் ஆயிலை நிரப்ப முடியாமல், சிலிண்டருக்குள் வெற்றிடம் உருவாகிறது. அதன் பின் பக்கெட்டைத் தரையில் அழுத்தப் பார்த்தால், அது சற்று நேரம் தொளதொளவென்று ஆடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டி, லீவரைக் கவிழ்க்கும் திசையிலேயே சில நொடிகள் பிடித்திருந்தால், வெற்றிடம் நிரம்பி ஆட்டம் நின்றுவிடும்.