செலவுத் திட்டத்தில் விட்டுப்போகும் செலவுகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு நிதி கேட்கும் முனைவர் பட்ட மாணவர்களும் இளம் விரிவுரையாளர்களும் தங்கள் விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான். கல்விக் கட்டணம், உதவித்தொகை, மடிக்கணினி என்று மூன்றே வரிகளில் செலவுத் திட்டம் முடிந்திருக்கும். படிக்கும்போதே மனம் கனத்துவிடும்.

தரவுக்குச் செலவு இல்லையா? நோயுற்ற இலையை இனங்காணக் கணினிக்குக் கற்பிக்க உதவும் உகாண்டாவின் மரவள்ளி இலைப் படத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 21,367 படங்கள். பெரும்பாலானவை உழவர்கள் தங்கள் தோட்டங்களில் எடுத்தவை. தேமல் நோயா, பழுப்புக் கீற்று நோயா என்று பார்த்துக் குறித்தவர்கள் அந்நாட்டின் தேசியப் பயிர் வள ஆராய்ச்சி நிறுவன வல்லுநர்கள். மகெரேரே பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் உடன் நின்றது. நிரலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இலையைப் பார்த்தவுடன் நோயைச் சொல்லும் கண்ணுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலியை எழுத வெட்கப்படாதீர்கள். இப்படிப்பட்ட தரவுத் தொகுப்புகளுக்கென்றே 2020இல் லகூனா நிதியம் தொடங்கப்பட்டது.

இளம் விரிவுரையாளர்களுக்குப் பணத்தைவிட அரிது நேரம். வாரம் முழுவதும் வகுப்பு, பருவ இறுதியில் மலைபோல் விடைத்தாள்கள். நிதி கிடைத்தும் ஆய்வு நகராமல் தேங்கியதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஒரு பருவத்துக்காவது உங்கள் பாடத்தை எடுக்க மாற்று ஆசிரியருக்கான சம்பளத்தைக் கேளுங்கள். கனடாவின் ஐடிஆர்சி, சுவீடனின் சீடா ஆகிய வளர்ச்சி நிதி அமைப்புகளின் பணத்தில், நைரோபியிலுள்ள ஆப்பிரிக்கத் தொழில்நுட்ப ஆய்வு மையம் நிர்வகித்த உதவித்தொகைத் திட்டம் முனைவர் பட்ட மாணவர்களோடு இளம் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. பட்டம் வாங்கியவுடன் கைவிடப்படுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பயணம் தனிக்கதை. 2018இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்குப் போகவிருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. கட்டுரை ஏற்கப்பட்டும் ஆள் போக முடியாத வேதனை சிறியதல்ல. 2023 மே மாதம் அதே துறையின் ஐசிஎல்ஆர் மாநாடு ருவாண்டாவின் கிகாலியில் நடந்தபோது இங்கே அத்தனை மகிழ்ச்சி ஏன் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விசாக் கட்டணம், நேர்காணலுக்காக வேறு நாட்டுத் தூதரகம் வரை போய்வரும் செலவு இரண்டையும் எழுதுங்கள்.

நாணய மதிப்பையும் மறக்காதீர்கள். 2023 ஜூனில் நைஜீரியாவின் நைரா ஒரே மாதத்தில் கடுமையாகச் சரிந்தது. ஆய்வுக்கு இணையவழி எடுக்கும் கணிப்பொறி வாடகையோ டாலரில். நைராவில் கணக்குப் போட்டவருக்குப் பாதி வழியில் கை வறண்டுவிடும்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் துறைத்தலைவரிடம் கற்பித்தல் விலக்குக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி இணையுங்கள். நிதி வந்தபின் கேட்டால் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.